எல்லாம் சேர்ந்தது

விருதுநகரிலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர்காரர், இரண்டு சி.டி.க்களை நடுத்துளை வழியாக இரண்டு விரல்களில் மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, "ரெண்டுல எதைப் போட அண்ணாச்சி?" என்று அப்பாவிடம் கேட்டார். மதினியை நினைக்கும்போதெல்லாம் அந்தக் காலைதான் எனக்கு முதலில் வருகிறது. சி.டி.க்களின் மேல் பச்சை மையில், ஒன்றில் 'பெரிசு' என்றும் மற்றதில் 'சின்னது' என்றும் எழுதியிருந்தது. சன்னல் வெயில் அவற்றில் பட்டுத் தெறித்து, கூரையில் இரண்டு வெளிச்ச வட்டங்கள் ஆடிக்கொண்டிருந்தன. என் அண்ணனின் மனைவியான மதினி, கையில் ஒட்டிய தோசை மாவோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். கம்ப்யூட்டர் அவளுக்காக வாங்கியது. கேள்வி அப்பாவிடம் கேட்கப்பட்டது.

"சின்னதுன்னா என்ன, பெரிசுன்னா என்ன? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார் அப்பா.

"சின்னது இப்பத்தான் புதுசா வந்திருக்கு. வெறும் பிரௌசர். இன்டர்நெட்டுல இருக்கிறதைப் பார்க்கலாம், படிக்கலாம், அம்புட்டுத்தான். சட்டுனு திறக்கும். பெரிசு அப்படி இல்ல. பார்க்கிறது, மெயில் வாங்குறது, அனுப்புறது, அட்ரஸ் எழுதி வைக்கிறது, நம்மளே ஒரு பக்கம் தயார் பண்றது, எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. திறக்கத்தான் நேரமாகும். திறந்துட்டா வெளிய போற சோலியே கிடையாது."

அப்பாவின் முகத்தில் இன்னும் தெளிவு வரவில்லை என்பதைக் கண்டு அவர் வேறு வழியில் விளக்கினார். "சின்னது தனிக்குடித்தனம், பெரிசு கூட்டுக்குடும்பம்னு வச்சுக்கிடுங்களேன்."

அப்பா சிரித்தார். "இதைப் போயி எங்கிட்டக் கேக்கணுமாக்கும். கூட்டுக்குடும்பத்தையே போடுங்க."

கம்ப்யூட்டர்காரரும் சிரித்தபடி பெரிசைக் கழற்றப் போனபோது, "சின்னது போதும் மாமா" என்றாள் மதினி. அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நாள் முதல் அப்பா ஒன்றைச் சொன்ன பிறகு வேறொன்றைச் சொன்னதில்லை. அப்பா கோபப்படவில்லை, வியப்போடு திரும்பினார். "ஏன் தாயி?" என்றார். மதினி கையிலிருந்த மாவைப் பார்த்தாள். "சட்டுனு திறக்குமாம்ல" என்றாள். அப்பாவுக்கு அது காரணமாகவே படவில்லை. "மெதுவாத் திறந்துட்டுப் போகுது. நம்ம என்ன பஸ்ஸுக்கா ஓடுறோம்?" என்றார். பெரிசு உள்ளே போயிற்று. மதினி கை கழுவப் போனாள்.

அந்தப் பதிலின் கனத்தைச் சொல்ல எங்கள் வீட்டையும் பஸ்ஸையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங்கள் சாத்தூர்க்காரர்கள். எங்கள் தெருவில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்து நிற்கும். பட்டாசு ஆலைகளுக்கும் தீப்பெட்டி ஆலைகளுக்கும் ஆட்களை அள்ளிக்கொண்டு போகும் அந்த பஸ்ஸில் என் அம்மா பாவாடை கட்டிய வயதிலிருந்து ஏறியவள். கல்யாணத்துக்குப் பின்னும் ஏறினாள். நான் பிறந்த பின்னும் ஏறினாள். அதற்கு முந்திய தலைமுறை அடுத்தவர் நிலத்தில் களை வெட்டியது. அப்பா அச்சங்குளம் பக்கத்து ஆலையொன்றில் திரி வெட்டுகிறவராகச் சேர்ந்து படிப்படியாக போர்மேன் ஆனார். அவர் போர்மேன் ஆன அன்று வீட்டில் அறிவித்த முதல் தீர்மானம், இனி நம் வீட்டுப் பெண்கள் யாரும் பஸ் ஏற வேண்டாம் என்பதுதான். அம்மா அதைக் கேட்டு அழுதாள் என்று அண்ணன் சொல்வான், சந்தோஷத்தில் அழுதாளாம். பெண்கள் வெளியே போகக் கூடாது என்று கருதும் மனிதர் அல்லர் அப்பா. போகவே வேண்டாத ஒரு வாழ்க்கையைத் தம் வீட்டுப் பெண்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டதாக நினைத்தவர். இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாடு அவருக்கு மிகப் பெரிது. வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அது எப்போதும் அவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லை.

மதினி பிறந்தது சிவகாசிக்கு அருகில். கல்யாணத்துக்கு முன் சிவகாசியில் ஓர் அச்சகத்தில், பட்டாசுப் பெட்டிகளின் மேல் ஒட்டும் லேபிள்களைக் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்தாள். மயிலும் ரோஜாவும் கன்னத்தில் குழி விழுந்த குழந்தையும் அவள் கையிலிருந்து போய் வடநாட்டுக் கடைகளில் தொங்கின. அச்சகத்தில் லேபிள் அறை என்று தனியாக ஓர் அறை உண்டு. நான்கு பெண்கள், ஒரு மின்விசிறி, பின்புறச் சந்தினைப் பார்த்த ஒரு சன்னல். அந்த அறையைப் பற்றி மதினி பேசும்போது யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்பதுகூட வரும். கல்யாணத்தோடு அதை விட்டுவிட்டாள். பட்டாசு கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்க ஆண்டில் பாதி நாள் வடக்கே சுற்றும் அண்ணன் வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. பின்பு ஒரு தீபாவளி சீசனுக்கு முன், கை பழகிய ஆள் வேண்டும், திரும்பி வர முடியுமா என்று அச்சகத்து முதலாளி சொல்லி அனுப்பினார். மதினிக்குப் போக வேண்டும். அதை அவள் மூடி மறைக்கவுமில்லை. அப்பா மறுக்கவுமில்லை. "வேலை பார்க்கட்டும், அருமையான கை. ஆனா எதுக்கு அலையணும்?" என்றார். அண்ணன் போனில் வழி சொன்னான்: ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வீட்டிலேயே வைத்துவிடலாம். முதலாளியும் ஒத்துக்கொண்டார். ஒரு பெண்ணின் விருப்பத்தை இத்தனை பேர் கூடி இவ்வளவு அன்போடு நிறைவேற்றியதை நான் பார்த்ததில்லை. ஒருவரிடமும் கோபித்துக்கொள்ள அவளுக்கு இடமே இல்லாமல் போயிற்று.

அன்று மாலை மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுக்கும்போது, சின்னது ஏன் வேண்டுமென்று கேட்டாய் மதினி என்றேன். நான் அதிகம் பேசுகிறவள் அல்லள். அதனாலேயே என்னிடம் அவள் கொஞ்சம் பேசுவாள்.

"சின்னதுல பார்க்கத்தான் முடியும் பாப்பா. செய்ய முடியாது. செய்யணும்னா போகணும்ல" என்றாள். கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு ஒரு போர்வையின் இரு முனைகளைச் சேர்த்தாள். "அந்தப் பெரிசைப் போட்டுட்டா, எதுக்குப் போறேன்னு நான் என்னத்தைச் சொல்ல?"

அப்போது நான் விருதுநகரில் இளங்கலை இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். சொற்களைத் துல்லியமாகப் புரிந்துகொள்வதே என் படிப்பு என்ற எண்ணம் எனக்கு உண்டு. இருந்தும் அவள் சொன்னதன் முழு அளவு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. தொடக்கத்தில் மதினிக்குச் சிவகாசி போக நிறையக் காரணங்கள் இருந்தன. வரைந்ததைக் காட்டப் போக வேண்டும். திருத்தம் கேட்டுவரப் போக வேண்டும். எந்தக் கம்பெனிக்கு எந்த அளவு என்று குறித்துவரப் போக வேண்டும். வாரம் ஒருமுறையாவது போவது என்று முதலாளியோடு பேச்சு. ஆனால் அந்தப் பெரிய நிரலில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை இருந்தது. அச்சகத்தின் மெயில் முகவரி, மெயில் வாங்கும் நிரல் இருந்தால்தான் திறக்கும். பெரிசில் அது இருந்தது. ஆகவே காட்டவும் போக வேண்டாம், திருத்தம் கேட்கவும் போக வேண்டாம். அளவுகளும் முகவரிகளும் அதன் முகவரிப் புத்தகத்திலேயே ஏறின. புதுப் படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப் போவது மட்டும் மிஞ்சியிருந்தது. ஒருநாள் கம்ப்யூட்டர்காரர் மறுபடி வந்து, அதிலேயே பக்கம் தயாரிக்கும் கருவி ஒன்று இருக்கிறது, படங்களையெல்லாம் ஒரு பக்கமாக அடுக்கி முதலாளிக்கு அனுப்பிவிடலாம் என்று காட்டிக் கொடுத்தார். "பாத்தியா தாயி, இதுக்கும் போக வேண்டாமாம்" என்று அப்பா பூரித்துப் போனார். மதினி "ஆமா மாமா" என்றாள். ஒரு வீட்டின் கதவுகளை ஒருவர் வெளியிலிருந்து அடைத்தால் உள்ளிருப்பவர் கத்தலாம். இங்கே ஒவ்வொரு கதவும் இனித் தேவையில்லை என்று மரியாதையாக எடுத்துவைக்கப்பட்டு, அந்த இடத்தில் சுவர் எழுந்தது.

கம்ப்யூட்டர் முன்னறையில் இருந்ததால் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு திரைகூட இல்லை. மயிலின் கழுத்துக்கு நீலம் கூட்டிக்கொண்டிருக்கும்போது, "ஏம்மா, பாலு பொங்குதான்னு ஒரு எட்டுப் பாரேன்" என்று அம்மா குரல் கொடுப்பாள். மதினி பாலைப் பார்த்துவிட்டு வருவதற்குள் பக்கத்து வீட்டு அக்கா, "இம்புட்டு நேரமா மயிலுக்கு மேக்கப்பு போடுற, எம்மகளுக்கு நீ வந்து போட்டிருந்தா கல்யாணமே முடிஞ்சிருக்கும்" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எனக்கும் அதில் பங்கு உண்டு. கல்லூரிப் பாடத்துக்கு எதையாவது தேட நானும் அதே நிரலைத்தான் திறப்பேன். அதன் குணம் விசித்திரமானது: பார்க்கிற சாளரத்தில் ஏதேனும் சிக்கிக்கொண்டால் அது மட்டும் மூடாது, மெயிலும், எழுதிக்கொண்டிருந்த பக்கமும், எல்லாமே சேர்ந்து விழும். ஒருமுறை நான் ஏதோ ஒரு நூலகத்தின் பட்டியலைத் திறக்கப்போய், மதினி காலையிலிருந்து அடுக்கி வைத்திருந்த பக்கம் முழுவதும் போய்விட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன். மதினி திரையைப் பார்த்தாள். பின்பு சிரித்தாள். "கூட்டுக்குடும்பம்லா, ஒருத்தருக்கு வயித்துவலின்னா எல்லாரும் படுக்கணும்" என்றாள். அம்மா அடுக்களையிலிருந்து, "யாருக்குப்பா வயித்துவலி?" என்று கேட்டாள். எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த வீட்டில் மதினி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்ட சில தருணங்களில் அது ஒன்று.

நான் தினமும் விருதுநகர் போய் வந்தேன். படிக்கப் போகிற பஸ் அப்பாவின் கணக்கில் வேறு பஸ். மாலையில் நான் செருப்பைக் கழற்றும்போதே மதினி கேட்பாள்: இன்றைக்கு பஸ்ஸில் பக்கத்தில் யார்? என்ன பேசினார்கள்? சன்னல் ஓரம் கிடைத்ததா? மிளகாய் வத்தல் ஏற்றிய லாரி முன்னால் போய் பஸ் முழுக்கத் தும்மினோம் என்று ஒருநாள் சொன்னேன். யார் முதலில் தும்மியது, கண்டக்டர் என்ன சொன்னார் என்று அவள் அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மறுநாள் அம்மாவிடம் அதையே தான் பார்த்ததுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சொல்லத் தெரியாத ஒரு கூச்சம் வந்தது. அதன்பின் பஸ்ஸில் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன், அவளுக்குக் கொண்டுவருவதற்காக.

இனி அந்த ஆவணி மதியம். அதற்கும் எங்கள் தெருவின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆலைப் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்டால் எங்கள் தெருவில் யாரும் யாருக்கும் போன் செய்ய மாட்டார்கள். அழைத்து விசாரிப்பது பிற ஊர்களில் பாசமாக இருக்கலாம். இங்கே அது அடுத்தவரின் வழியை அடைப்பது. ஆலையில் இருக்கிறவர் உயிரோடு இருந்தால், ஓடி ஒரு போனைப் பிடித்து வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்வார்: நான் நல்லாருக்கேன். அம்புட்டுத்தான். உடனே வைத்துவிடுவார், பின்னால் வரிசை நிற்கும். ஆகவே சத்தம் கேட்டதும் வீடுகள் தங்கள் போனைச் சும்மா விட்டு அதன் அருகில் உட்கார்ந்திருக்கும். அக்காலத்தில் கைபேசி எல்லோர் கையிலும் வந்திருக்கவில்லை. ஆலைக்குள் அதைக் கொண்டுபோகவும் விடமாட்டார்கள். எங்கள் வீட்டு இன்டர்நெட்டோ அதே போன் வயர் வழியாகத்தான் ஓடியது. அது ஓடும்போது வெளியிலிருந்து யார் அழைத்தாலும் லைன் கிடைக்காது.

சீசன் உச்சத்தில் இருந்தது. அச்சகத்துக்கு ஒரு லேபிளை அவசரமாக அனுப்ப வேண்டியிருந்ததால் மதினி மதியச் சாப்பாட்டையும் தள்ளிவைத்து உட்கார்ந்திருந்தாள். படம் பெரிது, திரையின் அடியில் நீலப்பட்டை எறும்பாக ஊர்ந்தது. கல்லூரி விடுமுறை என்பதால் நான் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சத்தம் பெரிதாக இல்லை. தூரத்தில் யாரோ ஒரு மூட்டையைக் கீழே போட்டதுபோல இருந்தது. சன்னல் கம்பி லேசாக அதிர்ந்தது. அம்மா கொல்லையிலிருந்து ஈரக் கையோடு வந்து நேரே போனைப் பார்த்தாள். மதினி கம்ப்யூட்டரிலிருந்து மோடம் பெட்டிக்குப் போகும் வயரை ஏற்கெனவே பிடுங்கிவிட்டிருந்தாள். நீலப்பட்டை பாதியில் நின்றது. எவ்வளவு வேகமாகப் பிடுங்கினாள் என்றால், சத்தத்துக்கும் அதற்கும் இடையில் ஒரு மூச்சுகூடப் போயிருக்காது என்று நான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தப் பெட்டி லைனை விடவில்லை. நிரலைச் சரியாக மூடாமல் பிடுங்கியதால் போனில் சத்தமே வராமல் கிடந்ததை நாங்கள் அறியவில்லை. எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எங்கள் வழக்கப்படி யாரும் போனைத் தொடவில்லை.

பக்கத்து வீட்டில் மணி அடித்தது. எதிர் வீட்டில் அடித்தது. ஒவ்வொரு வீட்டிலும் அடித்து, ஓர் அடங்கிய பேச்சு கேட்டு, நின்றது. எங்கள் வீட்டில் அடிக்கவில்லை. அம்மா சுவரோரம் உட்கார்ந்து, இருக்கன்குடி மாரியம்மனிடம் உதடு அசையாமல் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா வந்து எட்டிப்பார்த்து, "வந்துருச்சா?" என்று கேட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து அங்கேயே நின்றாள். மதினி கம்ப்யூட்டர் நாற்காலியிலிருந்து எழவே இல்லை. பிடுங்கிய வயரின் முனையை உள்ளங்கையில் வைத்து மூடியிருந்தாள். தன்னால்தான் என்று அவள் சொல்லவில்லை, யாரும் சொல்லவுமில்லை. வெயில் முன்னறையைத் தாண்டி வாசலுக்குப் போகும் வரை நாங்கள் அப்படியே இருந்தோம்.

அப்பா மாலையில், வழக்கமான கம்பெனி பஸ்ஸில், வழக்கமான சட்டையோடு வந்து இறங்கினார். அடுத்த ஆலையின் காயவைக்கும் களத்தில் பிடித்த தீ. ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரம் என்பதால் யாருக்கும் ஒன்றுமில்லை. அவர் செருப்பைக் கழற்றும் வரை அம்மா அசையவில்லை. பின்பு எழுந்து, "இன்னைக்குச் சோறு இல்ல. நீங்க வருவீகன்னு யாரு கண்டா" என்று சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். "போன் போட்டேன். திரும்பத் திரும்பப் போட்டேன். லைன் கிடைக்கல. பின்னால நிக்கிற ஆளுக்கும் வீடு இருக்குல்ல" என்றார் அப்பா, யாரிடம் என்றில்லாமல். தண்ணீர் குடித்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதில் மூடப்படாத அந்த நிரலின் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"எங்க கம்பெனியில ஒரு ரூமுல ஒரு வேலைதான். மருந்து கலக்குற எடத்துல அடைக்க விடமாட்டேன், அடைக்கிற எடத்துல ஒரு திரியை வைக்க விடமாட்டேன். அப்படிப்பட்டவன் வீட்டுல எல்லாத்தையும் ஒரே வயர்ல கட்டி வச்சிருக்கேன். இனிமே பகல்ல அந்த போன்ல இன்டர்நெட்டு ஓடக்கூடாது" என்றார்.

"அப்ப வேலையை பிரஸ்லயே போயிப் பார்த்துக்கிடுறேன் மாமா" என்றாள் மதினி. குரலில் நடுக்கம் இருந்தது. அது பயத்தின் நடுக்கம் என்றுதான் அப்பா எடுத்துக்கொண்டிருப்பார்.

"காலையில பேசுவோம் தாயி."

அவர் மறுக்கவில்லை. அந்த வீட்டில் மறுக்கப்படாதது ஏறக்குறைய ஒப்புக்கொள்ளப்பட்டதற்குச் சமம். மறுநாள் காலையில் நான் கண் விழித்தபோது மதினி குளித்து, கல்யாணத்துக்குப் பின் நான் பார்த்திராத ஒரு பருத்திச் சேலையை மடிப்பு வைத்துக் கட்டியிருந்தாள். அச்சகத்துக்குக் கட்டிப்போன சேலை என்று அது மங்கியிருந்த விதத்திலேயே தெரிந்தது. எல்லோருக்கும் சமைத்து முடித்து, எவர்சில்வர் டப்பா ஒன்றில் எலுமிச்சைச் சோறும் மேல்தட்டில் உருளைக்கிழங்கும் வைத்து, மூடியை அழுத்திச் சாத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "சிவகாசி பஸ்ஸுல சன்னல் ஓரம் கிடைக்குமா பாப்பா இந்நேரத்துக்கு?" என்று கேட்டாள். கேட்டதும் வெட்கப்பட்டாள். அம்மா தடுக்கவில்லை. முந்தைய மதியத்துக்குப் பின் அம்மாவுக்கு அந்த கம்ப்யூட்டர்மேல் எந்தப் பிரியமும் மிச்சமில்லை.

அப்பா வீட்டில் இல்லை. சீசனில் ஒருநாளும் தவறவிடாத கம்பெனி பஸ்ஸை அன்று விட்டுவிட்டு எங்கோ போயிருந்தார். மதினி கைப்பையோடும் டப்பாவோடும் வாசலுக்கு வந்தபோது அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு தெருவில் வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "லைன்மேன் வீட்டுக்கே போயிட்டு வந்துட்டேன். தெரிஞ்ச மனுசன். இந்த வாரத்துலயே இன்னொரு லைன் இழுத்துத் தாரேன்னு சொல்லிட்டாரு. போனுக்கு ஒண்ணு, உனக்குன்னு தனியா ஒண்ணு. இனி ஒண்ணுக்கு ஒண்ணு இடைஞ்சலே கிடையாது, எங்க கம்பெனி ரூம் மாதிரி" என்றார். அதற்குப் பிறகுதான் அவள் சேலையைக் கவனித்தார். "எங்கன கிளம்பிட்ட?"

மதினி வாசற்படியில் நின்றாள். தெருவில் ஒரு தண்ணீர் வண்டி போயிற்று. அவள் முந்தைய மாலையே சொல்லியிருந்த அதே வாக்கியத்தை மறுபடி சொன்னால் போதும். ஆனால் தாம் உயிரோடு வந்து சேர்ந்த மறுநாள் காலையில், முதல் வேலையாக அவளுக்காக ஒரு தனி லைன் கேட்டுவிட்டு வந்து நிற்கும் மனிதரிடம் அதை எந்தக் குரலில் சொல்வது? நான் சொல்லியிருக்கலாமே என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். நான் வாயைத் திறந்தேன் என்றே நினைவு. மதினி என் பக்கம் திரும்பாமலே, "எங்கயும் இல்ல மாமா" என்று சொல்லி உள்ளே போனாள்.

அவள் சேலையை மாற்றவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டு, அந்தப் பெரிசு மெல்ல மெல்லத் திறக்கும் வரை காத்திருந்து, நேற்று விட்ட இடத்திலிருந்து வரையத் தொடங்கினாள். மதியம் அம்மா தட்டுப் போட்டுக் கூப்பிட்டாள். மதினி வரவில்லை. நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளி, மடியில் ஒரு துண்டை விரித்து, காலையில் கட்டிய டப்பாவைத் திறந்தாள்.

"ஏம்மா, சுடுசோறு அடுப்புல இருக்கு. வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு எதுக்கு டப்பா?"

"கட்டினதை வீணாக்கக் கூடாதுல்ல அத்தை."

மறுநாளும் கட்டினாள். அதற்கடுத்த நாளும். அம்மா சில நாள் கேலி செய்தாள், சில நாள் திட்டினாள், பக்கத்து வீட்டு அக்கா "ஆபீசர் அம்மா சாப்பாட்டு நேரமா?" என்று எட்டிப் பார்த்தாள். லைன்மேன் வந்து இரண்டாவது வயரை இழுத்துக் கொடுத்துப் போனார். மதினி காலையில் எல்லோருக்கும் சமைத்துவிட்டுத் தனக்கானதை டப்பாவில் அடைத்து, அடுக்களைக்கும் முன்னறைக்கும் இடையிலான அந்தச் சில அடி தூரத்தைக் கைப்பையில்லாமல் கடந்து வேலைக்குப் போனாள்.

நான் இப்போது வேறோர் ஊரில் ஆய்வு மாணவியாக விடுதியில் இருக்கிறேன். பல்கலைக்கழக நூலகத்தில் ஒருநாள் எதையோ தேடும்போது, அந்தப் பெரிய தொகுப்பை உருவாக்கியவர்களே அதைத் தொடர்வதை நிறுத்திவிட்டார்கள் என்று படித்தேன். பார்ப்பதற்குத் தனி, மெயிலுக்குத் தனி என்று பிரித்துவிட்டார்களாம். ஊருக்குப் போனபோது மதினியிடம் சொன்னேன்.

"செஞ்சவுகளே பிரிச்சிட்டாகளா?" என்றாள்.

"எப்பவோ பிரிச்சிட்டாங்க மதினி. கேட்டா அண்ணன் மாத்திக் குடுப்பான்."

"கேட்டேன். இத்தனை வருசத்து மெயிலும் அட்ரஸும் அதுக்குள்ளல்ல கிடக்கு. வெளிய எடுக்கப் போனா எது வரும் எது போகும்னு சொல்ல முடியாதாம்" என்று சொல்லிவிட்டு, ஒரு ரோஜா இதழின் ஓரத்தை அழித்து மறுபடி வரைந்தாள். "இதுவே கிடந்துட்டுப் போகுது."

அப்பா இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார். பகல் முழுக்க வீட்டில் இருக்கிறார். வீட்டில் இருப்பது எப்படிப்பட்டது என்பதை இந்த வயதில்தான் அவர் கண்டிருக்கிறார். முன்னறைக்கும் வாசலுக்குமாக நடக்கிறார், தெருவில் போகிற யாரையாவது நிறுத்தி எந்த பஸ் எத்தனை நேரம் தாமதம் என்று கேட்கிறார். சென்ற முறை நான் இருக்கும்போது மதினியிடம் வந்து, "ஒருவாட்டி சிவகாசிக்குப் போயிட்டு வாயேன் தாயி. வீட்டுக்குள்ளயே கிடக்க" என்றார். மதினி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அங்கன போயி யாரைப் பார்க்க மாமா? லேபிள் ரூம்ல இப்ப காலண்டர் அடுக்கியிருக்காக. எல்லாரும் அவுகவுக வீட்டுலதான் போடுறாக" என்றாள். குரலில் குறை ஒன்றும் இல்லை. செய்தி சொல்வதுபோல் சொன்னாள். அப்பா அவளுடைய நாற்காலியின் முதுகைத் தொடக் கையை நீட்டி, தொடாமல் எடுத்துக்கொண்டார்.

மதியம் நானும் அம்மாவும் அடுக்களையில் தட்டோடு உட்கார்ந்தோம். மதினி முன்னறையில் கம்ப்யூட்டரை அணைக்காமல் திரையை மட்டும் இருட்டாக்கி, நாற்காலியை எங்களுக்கு முதுகாகத் தெருச் சன்னலின் பக்கம் திருப்பிப் போட்டு, டப்பாவைத் திறந்தாள். அப்பா அப்போதுதான் வெளியே ஒரு சுற்று முடித்துத் திரும்பியிருந்தார். பசியோடு வந்தவர் வாசலிலேயே, வெயிலில் நின்றுகொண்டார். "அப்பா உள்ள வந்து சாப்பிட வேண்டியதுதானே?" என்றேன். அம்மா என் கையைத் தட்டினாள். "இரு. அவ சாப்பிட்டு முடிக்கட்டும். இது தெனமும் நடக்கிறதுதான்" என்றாள் தணிந்த குரலில். மதினி நிதானமாகச் சாப்பிட்டாள். டப்பாவின் மூடி அழுந்திச் சாத்தும் சத்தம் கேட்ட பிறகே, அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு முன்னறைக்குள் கால் வைத்தார்.